ஒரு பாதம், இரண்டு பெடல்

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுஸூகா பந்தயத் தடத்தில் எடுத்த ஒரு வீடியோ, கார் ரசிகர்களிடையே இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை ஓட்டுபவர் அயர்டன் சென்னா, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மூன்று முறை உலக சாம்பியனான பிரேசில்காரர். காலில் பந்தய ஷூ கூடக் கிடையாது. வெள்ளை சாக்ஸ், ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு லோஃபர். ரசிகர்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அவருடைய காலடியைக் காட்டும் துண்டுகளைத்தான். வளைவு நெருங்குகிறது, வலது கால் பிரேக்கை அழுத்துகிறது. இடது கால் கிளட்சுக்குப் போகிறது. பிரேக்கை விடாமலே வலது பாதம் கொஞ்சம் சரிந்து, பக்கத்திலிருக்கும் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறது. இன்ஜின் உறுமி அடங்குவதற்குள் கியர் இறங்கிவிட்டது. அடுத்த கியருக்கு மறுபடி ஒரு தட்டு.

பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒரே நேரத்தில் மிதிப்பதா? டிரைவிங் ஸ்கூலில் யாராவது இப்படிச் செய்தால், பக்கத்து சீட்டில் இருக்கும் மாஸ்டர் அன்றைய வகுப்பை அதோடு முடித்துவிடுவார். ஆனால் பந்தயக்காரர்களும், விடுமுறை நாளில் சொந்தக் காரைத் தடத்துக்குக் கொண்டுபோகும் ஆர்வலர்களும் இதைப் பழக மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். அவர்கள் இதை 'ஹீல் அண்ட் டோ' என்கிறார்கள். பார்ப்பதற்கு வித்தை காட்டுவது போலத்தான் இருக்கும். ஆனால் இதைச் சரியாகச் செய்தால் காரில் இருப்பவருக்குக் கியர் மாறியதே தெரியக் கூடாது. காதுக்கு மட்டும் தெரியலாம்.

கார் ஓடும்போது இன்ஜினும் சக்கரங்களும் கியர் வழியாகப் பிணைந்திருக்கின்றன. எந்த கியரில், எந்த வேகத்தில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது பல்சக்கரங்களின் கணக்கு. டிரைவரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. நான்காவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு காரின் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் மூன்றாவது கியருக்கு இறங்கினால் ஏறக்குறைய 3,500 சுற்று தேவைப்படும். ஆனால் கிளட்சை மிதித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே இன்ஜின் சரசரவென்று இறங்கத் தொடங்கிவிடும். கிளட்சை விடுகிற நேரத்தில் அது 1,500க்கு வந்திருந்தால் மீதி 2,000 சுற்றை யார் கொடுப்பது? சக்கரங்கள்தான். சாலையில் உருளும் டயர்கள் இன்ஜினைப் பிடித்து இழுத்துச் சுற்ற வைக்கின்றன. அந்த இழுப்புதான் உள்ளே இருப்பவர்களுக்குக் குலுக்கலாகத் தெரிகிறது.

கடைவீதிக்குப் போகிற காரில் இதனால் பெரிய நஷ்டமில்லை. கிளட்ச் கொஞ்சம் தேயும், பின்சீட்டில் இருப்பவர் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோவார். பந்தயத் தடத்தில் கதை வேறு. அங்கே வளைவுக்கு முன்னால் டயர் தாங்குகிற கடைசி அளவுவரை பிரேக் பிடிக்கிறார்கள். காரின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. தரையை ஏற்கெனவே அரைமனதாகப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பின்சக்கரங்களின்மீது இன்ஜினின் இழுப்பும் வந்து விழுந்தால், டயர் சட்டென்று பிடியை விடும். காரின் வால் ஒருபக்கம் திரும்பும். அதனால் கிளட்ச் மேலே வருவதற்குள் இன்ஜினை 3,500க்கு ஏற்றி வைத்துவிட வேண்டும். ஏற்றுவதற்கு ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். மிதிக்க வேண்டிய வலது கால் பிரேக்கில் இருக்கிறது. இடது கால் கிளட்சில் இருக்கிறது. பெடல் மூன்று, கால் இரண்டு.

நம் ஊரில் பழைய லேலண்ட் பஸ்ஸும் லாரியும் ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கில் பாதி தெரியும். அவர்களின் 'டபுள் கிளட்ச்' அதே காரியத்துக்குத்தான். கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஒரு ரேஸ் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போடுவார்கள். ரேஸ் குறைந்தால் பல்லோடு பல் உரசி பஸ் முழுக்க அலறும். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. கியர்பாக்ஸுக்குள்ளேயே சுற்றுவேகத்தைச் சமன்செய்யும் 'சின்க்ரோ' அமைப்பை 1928இல் காடிலாக் கார்கள் முதலில் கொண்டுவந்தன. பிறகு அது எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்டதால் இன்று கியர் போடும்போது பல் உரசுவதில்லை. ஆனால் சின்க்ரோ பார்த்துக்கொள்வது கியர்பாக்ஸின் உள்விவகாரத்தை மட்டுமே. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அது நிரப்பாது. அந்த வேலை இன்னும் காலுக்குத்தான்.

பஸ் டிரைவர் முதலில் பிரேக் பிடித்து முடிப்பார், பிறகு நிதானமாக ரேஸ் கொடுத்து கியரை இறக்குவார். அவருக்கு அவகாசம் இருக்கிறது. 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தயக் கார் ஒரு நொடிக்கு 55 மீட்டர் ஓடிவிடும்; பிரேக்கும் கியரும் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தாக வேண்டும்.

இதைப் பந்தயக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே தீர்த்துக்கொண்டார்கள், அதுவும் இன்றைய பெடல் வரிசை நிலைபெறாத காலத்தில். பழைய இத்தாலியப் பந்தயக் கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டர் நடுவில் இருக்கும், பிரேக் வலது ஓரத்தில். 1957 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அர்ஜென்டினாவின் யுவான் மானுவேல் ஃபாஞ்சியோ ஓட்டிய மசெராட்டி 250எஃப் அப்படிப்பட்ட கார். அன்று அவருக்கு வயது 46. நடுவில் டயர் மாற்ற நின்றதில் நேரம் போய், இரண்டு ஃபெராரிகளுக்கு முக்கால் நிமிடத்துக்கு மேல் பின்தங்கினார். பிறகு தடத்தின் சாதனை நேரத்தை மீண்டும் மீண்டும் உடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அந்த இருவரையும் தாண்டி ஜெயித்தார். 22 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மலைக்காட்டுத் தடம் அது. ஒரு சுற்றிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகள். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இடம் மாறிக் கிடக்கும் காரில், விரல்களால் பிரேக், குதிகாலால் ஆக்சிலரேட்டர் என்று அத்தனை முறை கியர் இறக்கியிருக்கிறார் மனிதர். இன்றைய காரிலிருந்து இறங்கி அதில் ஏறுகிறவருக்கு முதல் வளைவே ஆபத்து.

இன்றைய காரில் குதிகாலுக்கு அவ்வளவு வேலையில்லை. பாதத்தின் முன்பகுதி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேடு, பிரேக் பெடலின் வலது பாதியில் உட்கார வேண்டும். குதிகால் தரையில் ஊன்றியிருக்கும். கணுக்காலை வலப்பக்கம் சரித்தால் சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு ஆக்சிலரேட்டரில் படும். இரண்டு பெடலுக்கும் நடுவே இடைவெளி அதிகமுள்ள கார்களில் காலை இன்னும் திருப்பி, குதிகாலையே கொண்டுபோய்த் தட்டுகிறவர்களும் உண்டு. பெடலின்மேல் பொருத்த அலுமினியத் தகடுகள் விற்கின்றன. மெல்லிய அடியும் உருண்ட குதிகாலும் உள்ள பந்தய ஷூக்கள் இருக்கின்றன. தடித்த அடியுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூவில் பெடலின் அழுத்தம் காலுக்குச் சரியாக வந்து சேராது. சென்னாவின் லோஃபர் அந்த விதத்தில் மோசமான தேர்வில்லை.

வரிசை இதுதான்: பிரேக், கிளட்ச், கியரைக் கீழே இழுத்தல், அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, கிளட்சை விடுதல். பிரேக் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை அப்படியே இருக்கும். எழுதினால் ஒன்றரை வரி.

கஷ்டம் அந்த 'அப்படியே'யில் இருக்கிறது. பாதத்தின் ஒரு பகுதி, ஒரே சீரான அழுத்தத்தை விடாமல் தர வேண்டும். அதே பாதத்தின் இன்னொரு பகுதி சடாரென்று தட்டிவிட்டு மீள வேண்டும். ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறவர் ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே மறுகையால் மாவைத் தள்ளிவிடுவார். இங்கே இரண்டையும் ஒரே கை செய்தாக வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் ஆக்சிலரேட்டரைத் தட்டும்போது அறியாமலே பிரேக்கையும் கூடுதலாக அமுக்கிவிடுவார். கார் முன்னால் குனியும். பயந்துபோய்க் காலைத் தளர்த்துவார், பிரேக் விடுபடும். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி கார் போய்க்கொண்டிருக்கும். பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பது இன்ஜின் சத்தத்தை அல்ல, காரின் மூக்கை. அது ஒரே மட்டத்தில் தாழ்ந்தபடி இருந்தால் கால் சரி. தலையாட்டிக்கொண்டே போனால், கியர் எவ்வளவு இனிமையாக விழுந்தாலும் பயனில்லை. பிரேக்தான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பின்.

அதனால் நல்ல பயிற்சி பிரேக்கிலிருந்து தொடங்குவதில்லை. முதல் கட்டத்தில் பிரேக்கே வேண்டாம். காலியான சாலையில் நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கும்போது கிளட்சை மிதித்து, ஒரு தட்டுத் தட்டி, கிளட்சை விட்டுப் பார்க்க வேண்டும். குலுங்கினால் தட்டு போதவில்லை. கார் முன்னால் துள்ளினால் தட்டு அதிகம். ஒவ்வொரு காருக்கும் அந்த அளவு வேறு. அது ஆர்பிஎம் முள்ளைப் பார்த்து வருவதில்லை, காதால் வருகிறது. இது கைவந்த பிறகு, நின்றுகொண்டிருக்கும் காரில் பாதத்தை இரண்டு பெடலிலும் வைத்துச் சரித்துப் பழகலாம். இன்ஜினை நிறுத்திவிட்டால் நான்கைந்து மிதியில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து, பெடல் கல்லாக இறுகிவிடும்; அதில் பாதத்தின் இடத்தைக் கற்றுக்கொள்ளலாமே தவிர அழுத்தத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. அதன் பிறகுதான் இரண்டையும் சேர்ப்பது.

சேர்க்கும்போது ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. பயந்தவர்கள் மெதுவாகப் பழகலாம் என்று நினைத்து மென்மையாக பிரேக் பிடிப்பார்கள். கால் ஆக்சிலரேட்டருக்கு எட்டாது. பெரும்பாலான கார்களில் பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரைவிட உயரமாக நிற்கும். பலமாக அழுத்தும்போதுதான் அது தாழ்ந்து பக்கத்துப் பெடலின் மட்டத்துக்கு வரும். பந்தய வேகத்துக்கு அளந்து வைத்த சங்கதி இது. அரை வேகத்தில் செய்தால் முழு வேகத்தைவிடக் கடினமாகிவிடுகிறது. பழகுகிறவர்கள் பலர் பாதியில் கைவிடுவதற்கு இது ஒரு காரணம். பொதுச்சாலையில் இதைப் பழகக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்: அங்கே அவ்வளவு பலமாக பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் வந்து இடிப்பார்.

கால் தவறுவதற்குக் கூட்டாளிகளும் உண்டு. வழுக்கும் தரைவிரிப்பு, வாரறுந்த செருப்பு, பெடலுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில். இதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் தடத்தில் இறங்க விடுவார்கள்.

இதுவரை பேசியது வலது காலைப் பற்றி. இடது காலின் கதை பனிக்கும் சரளைக்கும் பெயர்போன நாடுகளில் தொடங்குகிறது.

ஸ்வீடனின் எரிக் கார்ல்சன் ஓட்டிய சாப் 96 ஒரு சின்னக் கார்: மூன்று சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், இழுப்பது முன்சக்கரங்கள். ஒருமுறை வேகம் விழுந்தால் மீட்டெடுக்க அந்தக் குட்டி இன்ஜினுக்கு வலு போதாது. அதனால் வளைவிலும் ஆக்சிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக்கைத் தொட்டு ஓட்டும் பழக்கம் அந்தப் பக்கத்து டிரைவர்களிடம் வேரூன்றியது. முன்சக்கரங்களை இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது பிரேக் பிடித்தால், முன்னால் அந்த இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பிரேக்கின் வேலை பெரும்பாலும் பின்சக்கரங்களில்தான் தெரியும். பின்பக்கம் லேசாக வழுக்கும். நேராகப் போக அடம்பிடிக்கும் முன்சக்கரக் கார், மூக்கை வளைவுக்குள் திருப்பும். கார்ல்சன் 1962, 1963 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தார். அடுத்து அதே மலைப்பாதைகளில் மினி கூப்பர் வந்தது: 1964இல் பேடி ஹாப்கிர்க், 1965இல் டிமோ மாக்கினென், 1967இல் ரவுனோ ஆல்டோனென். பின்னிருவரும் ஃபின்லாந்துக்காரர்கள். இடது கால் பிரேக்கில் கைதேர்ந்தவர்கள். (1966இலும் மினிகள்தான் முதல் மூன்று இடங்களில் வந்தன. முகப்பு விளக்கு விதிப்படி இல்லை என்று சொல்லி அவற்றைத் தள்ளிவிட்டார்கள்; அந்தக் கோபம் இங்கிலாந்தில் இன்னும் முழுசாக ஆறவில்லை.)

பின்சக்கரக் கார்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தேவைப்படவில்லை. ஜெர்மனியின் வால்டர் ரோல் 1980இல் ஃபியட் 131 அபார்த்திலும் 1982இல் ஓப்பல் அஸ்கோனா 400இலும் உலக ராலி சாம்பியன் ஆனார். 1983இல் அவர் ஓட்டியது லான்சியா 037. மூன்றுமே பின்சக்கரங்களை இயக்கும் கார்கள். 1984இல் அவர் ஆடிக்குப் போனார். ஆடி குவாட்ரோ நான்கு சக்கரங்களையும் இயக்கும். டர்போ பூட்டிய ஐந்து சிலிண்டர் இன்ஜின், முன் அச்சுக்கும் முன்னால் மூக்கில் தொங்கும். அந்த எடைக்கு வளைவில் நேராக ஓடத்தான் தெரியும். டர்போவின் குணம் இன்னொரு சிக்கல். வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் விசிறி அது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது தளர்ந்துவிடும். மறுபடி மிதித்தால் ஒன்று, ஒன்றரை என்று எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 1980களின் டர்போக்கள் அப்படித்தான் இருந்தன. வலது காலை எடுக்காமல் இடது காலால் பிரேக் பிடித்தால் இரண்டு சிக்கலும் ஒரே அடியில் தீரும். அவருடைய அணியிலேயே இருந்த ஸ்டிக் ப்ளூம்க்விஸ்ட் சாப் கார்களில் வளர்ந்த ஸ்வீடன்காரர். அவருக்கு இது பால்யப் பழக்கம். ரோலோ இரண்டு உலகப் பட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு, 36 வயதில் இடது காலுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு மான்டி கார்லோவில் ரோல் முதலிடம், ப்ளூம்க்விஸ்ட் இரண்டாமிடம். ஆண்டின் முடிவில் உலகப் பட்டம் ப்ளூம்க்விஸ்டுக்குப் போனது.

1985இல் வந்த ஆடி ஸ்போர்ட் குவாட்ரோ எஸ்1 காரில் ரோலின் காலடியைப் படம்பிடித்த வீடியோ ஒன்று இருக்கிறது. 450 குதிரைத்திறனுக்கு மேல் கொண்ட, 1,100 கிலோ அளவே எடையுள்ள கார். சென்னாவின் கால் ஒழுங்கான தாளத்தில் நடக்கும். ரோலின் காலில் அப்படி எந்த ஒழுங்கும் கண்ணுக்குத் தெரியாது. இடது பாதம் கிளட்சிலிருந்து பிரேக்குக்குத் தாவும். கியர் இறக்க வேண்டி வரும்போது அது கிளட்சுக்குத் திரும்ப, வலது பாதம் வந்து பிரேக்கை வாங்கிக்கொள்ளும். வாங்கியதோடு ஆக்சிலரேட்டரையும் தட்டும். கிளட்ச் மேலே வந்ததும் பிரேக் மறுபடி இடது காலுக்கே. வளைவுக்குள் நுழைவதற்குள் பிரேக் இரண்டு கை மாறிவிடுகிறது. எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் எந்தக் கால் எப்போது எங்கே போனது என்று தொடர்வது சிரமம். அதே வகைக் காரில் 1987இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தை அவர் 10 நிமிடம் 47.85 நொடியில் முடித்தார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 156 வளைவுகள், அன்றைக்கு எல்லாம் மண்பாதை. உச்சி 4,300 மீட்டர் உயரம்.

சாதாரண டிரைவரின் இடது காலுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: கிளட்சைத் தரைவரை அமுக்குவது. அளவு பார்த்து அழுத்த அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆட்டோமேட்டிக் காரில் முதல்முறையாக இடது காலை பிரேக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெல்ல வைத்ததாகத்தான் நினைத்திருப்பார்கள், காரில் உள்ள அத்தனை பேரும் முன்கண்ணாடியை நோக்கிப் பாய்ந்திருப்பார்கள். ராலி பயில்பவர்கள் இதற்கு ஆளில்லாத மைதானத்தில் குறைந்த வேகத்தில் இடது காலால் மட்டுமே நிறுத்தி நிறுத்திப் பழகுகிறார்கள். ஒரு பழக்கத்தைக் கற்பதைவிட, இருக்கும் பழக்கத்தைக் காலிலிருந்து கழற்றுவதற்குத்தான் நாள் பிடிக்கிறது.

ஃபார்முலா ஒன் கார்களில் மூன்று பெடல் நாடகம் 1989 பிரேசில் பந்தயத்தோடு முடியத் தொடங்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைத் தட்டி கியர் மாற்றும் ஃபெராரி 640, தன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் கையில் ஜெயித்தது. சில ஆண்டுகளில் எல்லா அணிகளும் அந்த வழிக்கு வந்துவிட்டன. கிளட்ச் கைக்குப் போயிற்று. இடது கால் முழுநேர பிரேக் காலாகிவிட்டது.

பெடல் குறைந்துகொண்டே வந்த காலத்தில் மெக்லாரன் அணி ஒன்றைக் கூட்டியது ஒரு வேடிக்கை. 1997இல் புகைப்படக்காரர் டேரன் ஹீத் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வளைவிலிருந்து வேகமெடுத்து வெளியேறும் மெக்லாரன் காரின் பின்பக்க பிரேக் தட்டு சிவந்து தகிக்கிறது. வேகமெடுக்கிற இடத்தில் யார் பிரேக் பிடிப்பார்கள்? அதே ஆண்டு நூர்பர்க்ரிங்கில் முன்னணியில் ஓடிய இரண்டு மெக்லாரன்களும் அடுத்தடுத்துப் பழுதாகி நின்றன. டிரைவர் இறங்கிப்போன காருக்குள் கேமராவை நீட்டிப் படமெடுத்தார் ஹீத். உள்ளே ஒரு கூடுதல் பெடல். பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் பிடித்து, காரை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொடுக்கும் பிரேக் அது. பத்திரிகையில் படம் வெளிவந்தது. 1998 பிரேசில் பந்தயத்தில் மற்ற அணிகள் புகார் செய்ய, அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. மெக்லாரன் அதைக் கழற்றிவிட்டு ஓட்டி, அன்றைய முதல் இரண்டு இடங்களையும் எடுத்துக்கொண்டது.

சாலைக் கார்களிலும் இயந்திரம் காலின் வேலையை வாங்கிக்கொண்டுவிட்டது. 2009 மாடலாக வந்த நிஸ்ஸான் 370இசட், கையால் கியர் மாற்றும் காரிலேயே அந்தத் தட்டைத் தானாகச் செய்துகொடுத்தது. கியர் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்பதை உணர்ந்து கம்ப்யூட்டர் இன்ஜினைச் சரியான சுற்றுக்கு ஏற்றிவிடும். பின்னர் ஹோண்டா சிவிக் டைப் ஆர், போர்ஷே 911 வகைகள் சிலவற்றுக்கும் இது வந்தது. எந்த மனிதக் காலும் இவ்வளவு பிசகில்லாமல், நாள் முழுவதும் களைக்காமல் தட்டாது. இருந்தாலும் அதை நிறுத்திவைக்க ஒரு பொத்தானையும் நிஸ்ஸான் சேர்த்தே கொடுத்தது. யாருக்காக என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம், பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு இந்த வித்தைக்கு எதிரியாகிவிட்டது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அழுந்தினால் இன்ஜினின் வேகத்தை வெட்டிவிடும் அமைப்பு இப்போது பல கார்களில் உண்டு. ஆக்சிலரேட்டர் எங்காவது மாட்டிக்கொண்டால் கார் பாயாமல் இருக்க வைத்தது. அதற்கு ஹீல் அண்ட் டோ தெரியாது. டிரைவர் பெடல் மாற்றி மிதிக்கிறார் என்றுதான் நினைக்கும். அப்படிப்பட்ட சில கார்களில், தட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இன்ஜின் காதில் போட்டுக்கொள்ளாது.

தமிழ்நாட்டில் இந்தக் கால்வேலைக்கு நல்ல வம்சாவளி இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தியது. 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. கோவையின் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். துடுப்பைத் தட்டி கியர் மாற்றும் வசதி நம் பக்கம் எட்டிப்பார்க்காத காலம் அது. கியர் கம்பியோடும் மூன்று பெடலோடும் மல்லுக்கட்டியவர்கள் அந்த ஃபார்முலா மாருதி பந்தயங்களில் இறங்கினார்கள். அங்கே தொடங்கிய கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் ஆனார்.

இன்றைய தலைமுறை நுழைகிற வாசல் வேறு. ஏழெட்டு வயதிலேயே கோ கார்ட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதில் கிளட்சும் இல்லை, கியரும் பெரும்பாலும் இல்லை. ஸ்டியரிங் தண்டு இரண்டு காலுக்கும் நடுவே போகும்; இடது காலுக்கு பிரேக், வலது காலுக்கு ஆக்சிலரேட்டர், ஒரு கால் மறுபக்கம் போக வழியே கிடையாது. ரோல் போன்றவர்கள் வயதான பிறகு பாடுபட்டுக் கற்றது இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டிலேயே வந்துவிடுகிறது. சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: பதினெட்டு வயதில் லைசென்ஸுக்காக ஆர்டிஓ மைதானத்தில் மூன்று பெடல் காரில் ஏறும்போது. அங்கே 'ஹெச்' போடும்போது நிறுத்தச் சொன்னால் முதலில் துள்ளுவது இடது கால்தான். அது போய் அமுக்குவது கிளட்சை. கார் நிற்காமல் உருண்டுகொண்டிருக்கும்.